ஓலையில் ஸ்டர்ஸ்டர் ஓட்டியவர்

சி லேப்ல ஸ்டர்ஸ்டர் ஃபங்ஷனை ஒருமுறையாவது ஓட்டியிருப்பீங்க. பெரிய ஸ்ட்ரிங் ஒன்னு, அதுக்குள்ள தேட வேண்டிய சின்ன ஸ்ட்ரிங் ஒன்னு. இருந்தா முதல்ல கிடைச்ச இடத்தோட பாயின்டர் வரும், இல்லைன்னா நல். ‘மேகமலை’யில் ‘மலை’யைத் தேடுங்க, ஆஃப்செட் 9-ல் கிடைக்கும். யூடிஎஃப்-8ல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ம, ே, க மூனும் முன்னாடி இருக்கே!

மேகமலைக்கு எதிரே, கம்பம் பள்ளத்தாக்கின் மேற்குப் பக்கம், கூடலூருக்கு மேல மங்கலதேவி கண்ணகி கோயில். சித்ரா பௌர்ணமிக்கு ஏறிப் போறோமே, அதேதான். அந்தக் கண்ணகியின் சிலப்பதிகாரத்தைப் பழைய உரைகளோடு 1892-ல் அச்சில் கொண்டுவந்தவர் உ.வே.சாமிநாதையர். இந்தத் தேடலைக் கையால செஞ்ச மனுஷன்.

1855-ல் பிறந்தவர், உத்தமதானபுரத்துக்காரர். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்து, 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவகசிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு கேட்டார். இவர் படிச்சதில்லை. அங்கிருந்துதான் ஓட்டம் ஆரம்பம்.

சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதின உரையில் வேற நூல்களின் வரிகள் நிறைய வரும். பல இடங்களில் நூலின் பேரே இருக்காது. அந்தத் துண்டு வரி எந்தச் சுவடியில், எந்த இடத்தில் இருக்கு? கட்டுக் கட்டா ஏடுகளைப் புரட்டித் தேடணும். பத்துப்பாட்டு, எட்டுத்தொகை ஏடுகள் கைக்கு வந்தப்போ, பேரில்லாத வரிகள் பல அங்கே இருந்தன. 1887-ல் சிந்தாமணி, 1889-ல் பத்துப்பாட்டு, 1894-ல் புறநானூறு அச்சாகின.

தேடுறது மட்டும் கஷ்டமில்லை. ஓலையில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகர ஏகாரத்துக்கு வித்தியாசம் தெரியாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரே எழுத்துக்கோவையை ‘கொ’, ‘கோ’, ‘கெர’, ‘கேர’ன்னு எப்படி வேணா வாசிக்கலாம். பல பிரதிகளை ஒப்பிட்டு, பொருளும் யாப்பும் பார்த்து, சரியான வாசிப்பை முடிவு பண்ணின பிறகுதான் ரெண்டு வரியும் ஒன்னான்னு சொல்ல முடியும். பொருந்தாம விட்ட ஏட்டைக் கரையான் தின்னுடும். அப்புறம் தேட ஒன்னும் இருக்காது.

உங்க புரோகிராமுக்கும் இதே சிக்கல் உண்டு. ‘போடி’யில் வர்ற ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பு, கால்னு ரெண்டாவும் சேமிக்கலாம். திரையில் ரெண்டும் ஒன்னுதான். ஆனா முதலாவது 12 பைட், இரண்டாவது 15. ஸ்டர்ஸ்டர் பைட்டை மட்டும் பார்க்கும். கண்ணெதிரே போடி இருந்தும் நல் தரும். அதனால முதல்ல ரெண்டு ஸ்ட்ரிங்கையும் நார்மலைஸ் பண்ணுங்க, அப்புறம் தேடுங்க.

உ.வே.சா. 1942 ஏப்ரல் 28 அன்று திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார். அவர் சேர்த்த சுவடிகள் சென்னை பெசன்ட் நகரில் அவர் பேரில் உள்ள நூலகத்தில் இருக்கு. அடுத்த தடவை நல் வந்தா, அந்த வார்த்தை அங்கே இல்லைன்னு உடனே முடிவு கட்டிடாதீங்க.