வெள்ளத்துக்கு வழிவிட்ட சுய்யா

ஹிமாலயச் சாரலில் பனி உருகும் காலத்தில் பெருமழையும் சேர்ந்துகொண்டால், காஷ்மீரத்தில் ஜீலம் நதி கரைக்குள் அடங்கி நிற்பதில்லை. நாற்புறமும் மலை சூழ்ந்த அப்பள்ளத்தாக்கின் நீர் முழுவதும் வெளியேறுவதற்குப் பாரமுல்லாவை அடுத்த மலையிடுக்கு ஒன்றே வாயில். அவ்வாயில் அடைபடின் வயலெல்லாம் ஏரியாகும்; பின்னாலேயே பஞ்சம் வரும். இந்த உண்மையை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டு, பரிகாரமும் செய்த சுய்யா என்னும் மேதாவியின் சரித்திரத்தை இன்று வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

அவர் வரலாற்றைக் கல்ஹணர் 1148 - 1150-ல் இயற்றிய ராஜதரங்கிணியால் அறிகிறோம். தெருக் குப்பையைப் பெருக்கிய சண்டாள மாது ஒருத்தி, மூடிய புதுமட்பாண்டத்தினுள் ஒரு சிசுவைக் கண்டெடுத்தாள். அவள் பெயர் சுய்யா; அப்பெயரே குழந்தைக்கும் ஆயிற்று. தாய் தந்தையர் இன்னாரென்று அறியப்படாத அப்பிள்ளை, கல்வி கற்று, ஒரு வீட்டில் சிறுவர்களுக்கு உபாத்தியாயராக அமர்ந்தார். வெள்ளத்தால் ஜனங்கள் படும் துயரத்தைக் கேட்கும்போதெல்லாம், தம்மிடம் யுக்தி உண்டு, பொருள்தான் இல்லை என்று அவர் சொல்லி வந்தாராம். அச்சொல் அவந்திவர்மன் என்னும் அரசன் செவிக்கு எட்டிற்று. கி.பி. 855 முதல் 883 வரை ஆண்ட அம்மன்னன், அவரைப் பித்தரென்று சபையோர் நகைத்ததைப் பொருட்படுத்தாமல், வேண்டிய திரவியத்தை அளித்தான்.

சுய்யா நாணயங்களுடன் படகேறிச் சென்றார். பாறைகள் உருண்டு நதியை அடைத்திருந்த யக்ஷதரம் என்னுமிடத்தில் காசுகளை இரு கைகளாலும் நீரில் வாரி இறைத்தார். பஞ்சத்தால் வாடிய கிராமத்தார் காசைத் தேடி இறங்கிக் கற்களைப் பெயர்த்து அகற்றினர். தேங்கிய நீர் வடியலாயிற்று. பிறகு நதியின் குறுக்கே கல்லணை கட்டி, ஏழு நாட்கள் நீரை நிறுத்தி, அடிப்படுகையைத் தூர்வாரினார். மலைக்கற்கள் மீண்டும் உருண்டு விழாதபடி சுவர்களும் எழுப்பினார். சிந்து என்னும் உபநதி ஜீலத்தோடு கூடும் இடத்தையே மாற்றி அமைத்தார். கரைகளை உயர்த்தினார். தாழ்ந்த கிராமங்களைச் சுற்றி வட்டமான அணைகள் போட்டார். ஒவ்வோர் ஊர் மண்ணையும் நனைத்து, அது உலரும் காலத்தைக் கணித்து, அதற்குத் தக்கபடி பாசன நீரைப் பங்கிட்டார்.

இதன் பயன் யாது? நல்ல விளைச்சல் காலத்திலும் 200 தீனாரங்களுக்கு விற்ற ஒரு காரி நெல், அதன்பின் 36 தீனாரங்களுக்குக் கிடைத்ததாகக் கல்ஹணர் கணக்குச் சொல்கிறார். ஸுய்யபுரம் என்று அவர் பெயரால் எழுந்த நகரமே இன்றைய ஸோபூர். தம்மை எடுத்து வளர்த்த அன்னையின் பெயர் விளங்க ஓர் அணையையும் அவர் அமைத்தார். குலத்தை விசாரித்த பிறகே அறிவை மதிக்கத் துணிவோருக்கு இதைவிட வேறு பதில் வேண்டுவதில்லை.

சுய்யாவின் உபாயம் எளியது. நதிக்கு அதன் வழியை விட்டுவிட வேண்டும். மனிதன் தன் ஊரைக் காத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் வெள்ளம் வருமுன் செய்ய வேண்டும். 1903-ம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின்னரே ஸ்ரீநகரைச் சுற்றி உபரிநீரைக் கொண்டுபோக ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. எனினும் வெள்ளம் தங்குவதற்கென்று இயற்கை விட்டுவைத்த சதுப்பு நிலங்களில் பிற்காலத்தார் வீடுகளை எழுப்பினர். 2014 செப்டம்பரில் பெருமழை பெய்தபோது ஸ்ரீநகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கிற்று.

ஆற்றின் இடத்தை ஆக்கிரமித்துவிட்டு ஆற்றைப் பழிப்பது நியாயமாகாது. வறண்ட மாதங்களில் தூர்வாருவதும், தாழ்நிலத்தில் குடியேறாதிருப்பதும், நீர் ஏறத் தொடங்கியதுமே தாமதமின்றி மேட்டுக்குச் செல்வதும் உயிரைக் காக்கும் வழிகள். இவற்றை ஜனங்களுக்கு எடுத்துரைப்பதும், தூங்கும் அதிகாரிகளைத் தட்டி எழுப்புவதும் பொது ஊழியர்களின் கடமை. யுக்தி உடையோர் எக்குடியில் பிறந்தாலும் அவர்களைத் தேடிப் பொருளுதவி செய்வது ஆள்வோரின் கடமை. அவந்திவர்மன் தன் கடமையைச் செய்தான், சுய்யாவும் செய்தார். ஒரு நாடு பிழைத்தது.