கொமேனியுஸ் அத்தியட்சர்

தான் பிறந்து வளர்ந்த திருச்சபை தன் கண்முன்னே தேய்ந்து மறைவதைக் காண்பது, பக்தியுள்ளவனுக்கு நேரிடக்கூடிய துயரங்களுள் மிகப் பெரியதாம். ஆலயங்கள் மூடப்பட்டு, போதகர்கள் துரத்துண்டு, ஜனங்கள் அச்சத்தினாலும் ஆசையினாலும் விசுவாசத்தினின்று வழுவுங்காலத்தில், தேவன் நம்மைக் கைவிட்டனரோ என்னும் ஐயம் உள்ளத்தில் எழுதல் இயல்பே. அத்தகைய காலத்தில் வாழ்ந்து, நம்பிக்கை இழவாது மரித்தவர் யோவான் ஆமோஸ் கொமேனியுஸ். கல்விமுறையைச் சீர்திருத்திய பேராசிரியரென்றே பலரும் அவரை அறிவர். அவரோ தம்மை முதலாவது ஒரு போதகராகவே எண்ணினார்.

இவர் 1592-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 28-ந் தேதி மொராவியா தேசத்திற் பிறந்தார். இவருடைய பெற்றோர், யோவான் ஹஸ் என்னும் இரத்தசாட்சியின் அடிச்சுவட்டைப் பின்பற்றி 1457-ம் ஆண்டில் எழுந்த சகோதர ஐக்கிய சபையைச் சேர்ந்தோர். இளமையிலேயே தாய்தந்தையரை இழந்த இவர், ஜெர்மனி தேசத்து ஹெர்போர்ன், ஹைடல்பர்க் என்னும் நகரங்களிற் கற்றுத் தேறி, 1616-ம் ஆண்டிற் குருப்பட்டம் பெற்று, பின்னர் புல்நெக் என்னும் ஊரிற் போதகராயமர்ந்தார்.

அங்கு அவர் பெற்ற அமைதி நெடுநாள் நிற்கவில்லை. 1620-ம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ந் தேதி பிராக் நகரருகே நிகழ்ந்த வெண்மலைப் போரில் பொஹீமியாவின் சீர்திருத்தக் கட்சியார் முறிந்தோடினர். அடுத்த ஆண்டில் புல்நெக் படைவீரராற் கொள்ளையிடப்பட்டது. கொமேனியுஸ் ஒளிந்து திரிந்தார். 1622-ம் ஆண்டில் அவர்தம் மனைவியும் சிறு குழந்தைகள் இருவரும் கொள்ளைநோய்க்கு இரையாயினர். அடுத்த ஆண்டில் அவருடைய நூல்களும் அவ்வூரிற் கொளுத்தப்பட்டன.

இவ்விருளினிடையே 1623-ம் ஆண்டில், செக்கு மொழியில் ஓர் அரிய நூலை அவர் இயற்றினார். உலகத்தின் சுழல்வழியும் இருதயத்தின் பரதீசும் என்பது அதன் பொருள். வழிப்போக்கன் ஒருவன் உலகமாகிய நகரின் தெருக்களனைத்தையுஞ் சுற்றி, வணிகர், புலவர், வீரர், அரசர், மதத்தலைவர் யாவரிடத்தும் மாயையே கண்டு மனமுடைகின்றான். முடிவிற் தன் இருதயமென்னும் வீட்டிற்குத் திரும்பி, அதன் கதவையடைத்து உட்காருகையில், கிறிஸ்து ஒளியாய் அங்கே எழுந்தருளுகின்றார். ஆலயம் அழிந்தவிடத்தும் தேவ பிரசன்னம் அழியாதென்பதே அந்நூலின் சாரம்.

1628-ம் ஆண்டில் அவர் தாய்நாட்டைத் துறந்து, போலந்து தேசத்து லெஸ்னோ நகரில் அகதியாய்க் குடியேறினார். 1631-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட லத்தீன் பாடநூலால் அவர் புகழ் ஐரோப்பா முழுதும் பரவிற்று. இங்கிலாந்தும் சுவீடனும் அவரை வரவழைத்தன. எனினும், முப்பதாண்டுப் போரை முடித்த 1648-ம் ஆண்டின் உடன்படிக்கையில் அவர் சபைக்கு யாதொரு பாதுகாப்பும் அளிக்கப்படவில்லை. அவ்வாண்டில் அதன் தலைமை அத்தியட்சராயிருந்தவர் இவரே. 1650-ம் ஆண்டில், சபையை மரணப்படுக்கையிலுள்ள தாயாக உருவகித்து ஒரு மரணசாசனம் எழுதினார். அதில் அத்தாய் தன் குறைகளையும் ஒப்புக்கொண்டு, தன் செல்வங்களை மற்றச் சபைகளுக்குப் பங்கிட்டு, தன் தேசத்தாரைத் தேவனிடத்தில் ஒப்புவிக்கின்றாள்.

இவரும் தவறாதவரல்லர். அரசர்களின் வாளால் தம் சபைக்கு மீட்பு வருமென நெடுங்காலம் எதிர்பார்த்தார். அவ்வாறு முன்னறிவித்தோரின் தரிசனங்களை நம்பி அச்சிட்டார். சுவீடன் அரசரை அவர் புகழ்ந்து வரவேற்றதும் தீங்காயிற்று. சுவீடருக்குத் துணையென்று கருதப்பட்ட லெஸ்னோ 1656-ம் ஆண்டில் எரியூட்டப்பட்டது. நாற்பதாண்டுகளுக்கு மேல் அவர் உழைத்துத் தொகுத்த செக்கு அகராதியும் அத்தீயில் வெந்தது. அரசர்மேல் வைத்த நம்பிக்கை இவ்வாறு சாம்பலாயிற்று.

ஆம்ஸ்டர்டாம் நகரில் அடைக்கலம் புகுந்த அவர் ஓய்ந்தாரல்லர். 1658-ம் ஆண்டில் சிறுவர்க்கான படநூலையும், 1660-ம் ஆண்டில் தம் சபையின் ஒழுங்குமுறை நூலையும் வெளியிட்டார். 1668-ம் ஆண்டில் எழுதிய தேவையானது ஒன்றே என்னும் நூலில், தம் வாழ்வின் சுழல்வழிகளையெல்லாம் அறிக்கையிட்டு, கிறிஸ்துவையே பற்றிக்கொண்டார். 1670-ம் ஆண்டு நவம்பர் மாதம் 15-ந் தேதி மரித்து நார்டன் நகரில் அடக்கமாயினார். சபை உயிர்த்தெழுந்ததை அவர் கண்டாரில்லை.

ஆயினும், மொராவியாவில் மறைவாய் ஜெபித்துவந்த சில குடும்பத்தார் 1722-ம் ஆண்டில் சாக்சனி தேசஞ் சென்று, சின்சென்டார்ப் பிரபுவின் நிலத்தில் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரை அமைத்தனர். 1727-ம் ஆண்டில் அப்பிரபு கொமேனியுஸ் வெளியிட்ட ஒழுங்குமுறை நூலைக் கண்டு, தம்மிடம் வந்தோர் எத்தகைய சபையின் வழித்தோன்றல்களென உணர்ந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 13-ந் தேதி, பிணக்குற்றிருந்த அச்சிறு கூட்டத்தார் திருவிருந்திற் கூடி ஒருமனப்பட்டனர். 1735-ம் ஆண்டில் அவர்களுள் ஒருவருக்கு அத்தியட்சர் பட்டம் அளித்தவர் கொமேனியுஸின் பேரர் யப்லோன்ஸ்கி. இச்சபையினர் 1760-ம் ஆண்டில் நம் தரங்கம்பாடிக்கும் வந்து ஊழியஞ் செய்தனர்.

மாணவர்காள்! பக்தி குன்றிய காலமென்று நாமும் சிலவேளை அங்கலாய்க்கின்றோம். கொமேனியுஸ் வாளை நம்பியபோதெல்லாம் ஏமாந்தார்; இருதயக் கதவையடைத்துத் தேவ சமுகத்தில் அமர்ந்தபோது பெலன் பெற்று, சிறுவர்க்குப் பாடநூல் எழுதினார், தம் சபையின் ஒழுங்கைப் பிற்காலத்தார்க்காகக் காத்துவைத்தார். அடுத்து நிற்குங் கடமையை நாமும் அவ்வாறே செய்வோமாக; விளைவு தேவனுடையது.