குருதிக்கு வளம் சேர்த்தவர்

நுழையும்முன்

பள்ளிகளில் வளரிளம் பருவத்தினர்க்கு வாரம் ஒரு நீலநிற மாத்திரை வழங்கப்படுகிறது. அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. இரும்பின் பயனை நாம் அறிவோம். அதனுடன் சேர்ந்துள்ள ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்தில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். தம் உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு விடை தேடிய அவ்வறிஞரின் வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

நெல்வயலும் குருதிச்சோகையும்

குறுவை, சம்பா, தாளடி என விளையும் காவிரிப் படுகையில், சேற்றில் இறங்கி நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெரும்பாலும் பெண்களின் பணியாகும். மலம் கலந்த ஈரமண்ணில் வாழும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழையும். குடலை அடைந்து குருதியை உறிஞ்சும். தீட்டிய அரிசிச் சோற்றை மிகுதியாகவும் கீரை, பருப்பு, மீன் ஆகியவற்றைக் குறைவாகவும் உண்போர்க்கு இவ்வாறு இழந்த இரும்பு எளிதில் மீள்வதில்லை. தஞ்சை வட்டாரத்தின் வயல்வெளிகளிலும் குருதிச்சோகை நெடுங்காலமாக நிலவிவருவதற்கு இவையெல்லாம் காரணங்களாகும்.

வளர்ந்த மனிதரின் உடலில் மூன்று முதல் நான்கு கிராம் வரை இரும்பு உண்டு. அதன் பெரும்பகுதி சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் அமைந்து உயிர்வளியைச் சுமக்கிறது. ஏறத்தாழ 120 நாள்கள் வாழ்ந்து அழியும் சிவப்பணுவின் இரும்பை உடல் வீணாக்குவதில்லை. அதனையே எடுத்துப் புதிய அணுக்களை ஆக்குகிறது. மிகுதியான இரும்பை வெளியேற்றத் தனிவழி உடலில் இல்லை. ஆகையால் குடல் நாள்தோறும் ஒன்றிரண்டு மில்லிகிராம் இரும்பையே அளந்து உள்ளே விடுகிறது.

இரும்பு குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறும். ஆனால், சில நோயாளிகளிடம் அணுக்கள் சிறுப்பதற்கு மாறாகப் பெருத்துக் காணப்பட்டன. அவர்களுக்கு இரும்பு கொடுத்தும் பயனில்லை. குறைந்தது வேறொரு பொருள். அது யாது என்னும் வினாவே சுப்பாராவின் வாழ்வோடு பிணைந்தது.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. தந்தையார் உடல்நலம் குன்றிப் பணியை விட்டதனால் குடும்பம் வறுமையுற்றது. பள்ளியில் அவர் மனம் பொருந்தவில்லை. பதின்மூன்று வயதில் காசிக்குச் சென்று வாழைப்பழம் விற்றுப் பொருளீட்ட எண்ணி வீட்டைவிட்டுப் புறப்பட்டார் என்பர். தாயார் அவரை மீட்டுவந்து மீண்டும் படிக்கவைத்தார். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோற்றவர், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை வென்றார்.

மாநிலக் கல்லூரியில் பயின்றபோது இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவு கொள்ள விரும்பினார். தாயார் இசையவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவைக்கூடத்திலும் கதராடையே அணிந்தார். அதனால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் அதிருப்திக்கு ஆளானார். தேர்வுகளை நன்கு எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். தகுதியே வழங்கப்பட்டது. 1919இல் சேஷகிரியை மணந்தார். அவர் கல்விக்கு மாமனார் துணைநின்றார்.

இழப்பு தந்த வினா

இக்காலத்தில் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. அவருடைய அண்ணனும் தம்பியும் சில நாள் இடைவெளியில் ஸ்ப்ரூ என்னும் வெப்பமண்டல நோயால் இறந்தனர். இந்நோய் கண்டவரின் குடல் உணவின் சத்துகளை ஏற்பதில்லை. ஓயாத வயிற்றுப்போக்கால் உடல் மெலியும்; குருதி வளம் குன்றும்; சிவப்பணுக்கள் பெருக்கும். மருத்துவம் கற்றும் சுப்பாராவால் அவர்களைக் காக்க இயலவில்லை. பின்னர் அந்நோய் அவரையும் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் அவர் பிழைத்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியராகவும் பணியாற்றினார்.

நோயின் மூலத்தை அறிய உயராய்வு வேண்டும் எனத் துணிந்தார். நன்கொடையும் மாமனாரின் உதவியும் கொண்டு, மனைவியைத் தாயகத்தில் விட்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றார். செலவுக்காக மருத்துவமனை ஒன்றில் இரவில் எடுபிடிப் பணியாளராக உழைத்தார்.

ஆய்வுப் பயணம்

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் இணைந்து, உடல் திரவங்களில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். உயிர்வேதியியல் கூடங்களில் அது ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்றே வழங்குகிறது. தசையின் ஆற்றலுக்குத் துணையாகும் பாஸ்போகிரியேட்டினை 1927இலும், உயிரணுக்களின் ஆற்றல் நாணயமாகக் கருதப்படும் ஏ.டி.பி.யை 1929இலும் இருவரும் வெளிப்படுத்தினர். 1930இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார்.

கடுஞ்சோகை நோயாளிகளுக்கு ஈரல் உணவு பயன்தரும் என மைனாட், மர்பி ஆகியோர் 1926இல் காட்டியிருந்தனர். ஈரலுக்குள் ஒளிந்திருந்த அப்பொருளைத் தேடும் பணியில் சுப்பாராவும் இறங்கினார். அத்தேடலின் வழியில், வைட்டமின் பி5 எனப்படும் பேன்டோதெனிக் அமிலம் எலிகளின் ஊட்டத்தில் பெறும் பங்கை ஜார்ஜ் ஹிட்சிங்ஸுடன் ஆராய்ந்து 1939இல் கட்டுரை வெளியிட்டார். எனினும், ஹார்வர்டில் நிலையான பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1940இல் நியூயார்க்கை அடுத்த பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்து, பின்னர் அதன் ஆய்வுக்குத் தலைமையேற்றார்.

ஃபோலிக் அமிலம்

பம்பாயில் நெசவாலைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுஞ்சோகையால் துன்புற்றதை லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1928 முதல் ஆராய்ந்தார். ஈஸ்ட்டுச் சாற்றை உண்டவர் நலமடைவதைக் கண்டார். அச்சாற்றில் இருந்த பெயரறியாப் பொருளே பின்னர் ஃபோலிக் அமிலமாக அறியப்பட்டது. இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. கீரைகளில் அது மிகுதி.

இயற்கைப் பொருள்களிலிருந்து அதனைத் துளித்துளியாகவே பிரிக்க முடிந்தது. சுப்பாராவின் தலைமையில் லெடர்லே குழுவினர் அதன் கட்டமைப்பை அறிந்து, 1945இல் செயற்கையாக உருவாக்கினர். உயிரணு பிளவுறுவதற்கு முன் மரபுப்பொருளை இரட்டிப்பதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அது இல்லையேல் அணுக்கள் வளருமேயன்றிப் பிளவுறா. சிவப்பணுக்கள் பெருத்ததன் காரணம் விளங்கிற்று. ஸ்ப்ரூ நோயாளிகளும் இம்மருந்தால் தேறினர். அண்ணனையும் தம்பியையும் பறித்த நோய்க்கு மருந்து கிடைத்ததைச் சுப்பாராவ் தம் வாழ்நாளிலேயே கண்டார்.

குருதியும் நரம்பும்

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. கடுஞ்சோகை நோயாளிகள் சிலர் ஃபோலிக் அமிலத்தால் குருதி வளம் பெற்றும், கால்கள் மரத்து, நடை தள்ளாடி, நரம்புச் சிதைவால் துன்புற்றனர். அவர்களிடம் குறைந்திருந்தது வேறொரு சத்து. வைட்டமின் பி12 எனப்படும் அது 1948இல் பிரித்தெடுக்கப்பட்டது. குருதி தேறிவிட்டது என்பதனால் நோய் தீர்ந்துவிட்டது எனக் கொள்ளலாகாது என்பதை மருத்துவ உலகம் இதனால் கற்றது.

சுப்பாராவ் ஆராய்ந்த பேன்டோதெனிக் அமிலமும் பிற்காலத்தில் நரம்புநோய் ஒன்றுக்கு விளக்கம் தந்தது. அவ்வமிலத்தை உடல் பயன்படுத்துவதற்கான முதற்படியை நிகழ்த்தும் நொதிகளுள் ஒன்றின் மரபணு பழுதுற்றால், மூளையின் ஆழ்பகுதியில் இரும்பு படிந்து குழந்தைகளின் நடையும் பேச்சும் குன்றும் என 2001இல் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெறும் குழந்தைக்கே இந்நோய் வரும். நெருங்கிய உறவில் மணம் செய்யுமிடத்து இத்தகைய நோய்களுக்கு வாய்ப்பு மிகுதி. இந்நோயில் இரும்பு மாத்திரை மருந்தாகாது. குருதியில் குறைந்தால் சோகை தரும் இரும்பே, மூளையில் தேங்கினால் சிதைவோடு சேர்ந்து காணப்படுகிறது. எங்கே, எதனால், எவ்வளவு என்று அறிந்த பின்னரே மருந்து பயன்தரும்.

மக்கள் பெற்ற பயன்

ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினாப்டெரின் என்னும் மருந்தையும் அவர் குழுவினர் உருவாக்கினர். அதனைக் கொண்டு சிட்னி ஃபார்பர், குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளிடம் நோயைச் சிறிது காலம் தணித்துக் காட்டினார். புற்றுநோய்க்கான வேதி மருத்துவத்தின் தொடக்கங்களுள் அது ஒன்று. ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க் கொல்லி மருந்தும் இவ்வாய்வகத்திலிருந்தே வெளிவந்தது.

யானைக்கால் நோய்க்கு எதிரான டைஎதில்கார்பமசைன் 1947இல் வெளிவந்தது. கும்பகோணம் வட்டாரம் நெடுங்காலம் அறிந்திருந்த கொடுநோய் அது. பிற்காலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடுதோறும் சென்று வழங்கிய மாத்திரை இதுவே. காவிரிக்கரைச் சிற்றூர்களையும் சுப்பாராவின் உழைப்பு இவ்வாறு எட்டியது.

நிறைவு

1948 ஆகஸ்டுத் திங்களில், 53ஆம் வயதில், சுப்பாராவ் உறக்கத்தில் உயிர்நீத்தார். தாயகம் திரும்ப அவருக்கு வாய்க்கவில்லை. சேஷகிரியை மீண்டும் காணவுமில்லை. தம் குழுவினரின் பெயரை முன்னிறுத்தித் தாம் பின்னே நின்றமையால், அவர் புகழ் மெல்லவே பரவியது. அவர் பிறந்த நூற்றாண்டில், 1995இல், இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

தேர்வில் தோற்றும் கல்வியை விடாதவர். பட்டம் மறுக்கப்பட்டும் கொள்கையை விடாதவர். இழப்பால் துவண்டுபோகாமல் அதன் காரணத்தைத் தேடியவர் சுப்பாராவ். தம் குடும்பத்தின் துயரை எல்லா மக்களின் துயராகக் கருதிய அவர் உழைப்பின் பயன், இன்று வாரந்தோறும் மாணவர் கைகளுக்கு வந்து சேர்கிறது.