விலையைத் தாமே உயர்த்திய ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி)

வாங்க வருபவர் குறை சொல்லி விலையைக் குறைப்பார். விற்க வந்தவர் நிறை சொல்லி விலையை ஏற்றுவார். அன்றும் இன்றும் சந்தையின் வழக்கம் இதுதான். ஆனால் வாங்க வேண்டியவரே பொருளின் நிறையைச் சொல்லி, தமக்கெதிராக விலையை ஏற்றிய ஒரு நபித்தோழர் இருந்தார். அவர்தான் ஜரீர் பின் அப்துல்லாஹ் அல்பஜலீ (ரலி) அவர்கள்.

யமன் பகுதியின் பஜீலா கோத்திரத் தலைவர் அவர். நெடிய உருவமும் பேரழகும் கொண்டவர். இந்தச் சமுதாயத்தின் யூசுஃப் என்று உமர் (ரலி) அவர்களே அவரைப் பாராட்டியதுண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இறுதிக் காலத்தில், ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு வாக்கில் மதீனாவுக்கு வந்து இஸ்லாத்தைத் தழுவினார். அதன்பின் நபியவர்கள் தம்மைச் சந்திக்க அவருக்கு ஒருபோதும் அனுமதி மறுத்ததில்லை. அவரைக் காணும்போதெல்லாம் புன்னகைத்தார்கள்.

அன்று அவர் செய்த பைஅத்தில் மூன்று அம்சங்கள் இருந்தன. தொழுகையை நிலைநாட்டுவது, ஜகாத் கொடுப்பது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவது. முதல் இரண்டையும் நாம் அறிவோம். மூன்றாவதை அவர் எங்கே வாழ்ந்து காட்டினார் தெரியுமா? ஒரு குதிரை வியாபாரத்தில்!

குதிரையில் நிலைக்க முடியாதவர்

குதிரைகளைப் பொறுத்தவரை ஜரீர் (ரலி) அவர்களின் தொடக்கம் வியப்பானது. அவரால் குதிரை மீது உறுதியாக அமர முடியாது. யமனின் கஅபா என்று மக்கள் அழைத்துவந்த துல்கலஸா என்ற சிலைக்கோயிலை அகற்றும் பொறுப்பை நபியவர்கள் அவரிடம் ஒப்படைத்தார்கள். அஹ்மஸ் குலத்தைச் சேர்ந்த 150 குதிரைவீரர்கள் அவருடன் புறப்பட்டனர். அவர்களோ தேர்ந்த வீரர்கள். தலைமை ஏற்றவரோ குதிரையில் நிலைக்க முடியாதவர்! தம் குறையை மறைக்காமல் நபியவர்களிடம் சொன்னார். நபியவர்கள் அவரது நெஞ்சில் கை வைத்துத் தட்டி, அவரை உறுதிப்படுத்துமாறும், நேர்வழி பெற்றவராகவும் நேர்வழி காட்டுபவராகவும் ஆக்குமாறும் துஆச் செய்தார்கள். அதன்பின் அவர் குதிரையிலிருந்து விழவே இல்லை. பணி முடிந்த செய்தி வந்தபோது அஹ்மஸ் குலத்தின் வீரர்களுக்கும் அவர்களின் குதிரைகளுக்கும் நபியவர்கள் ஐந்து முறை பரக்கத் வேண்டினார்கள்.

நபியவர்கள் ஒரு குதிரையின் நெற்றி முடியைத் தம் விரலால் சுருட்டியபடி, மறுமை நாள் வரை குதிரைகளின் நெற்றியில் நன்மை பிணைக்கப்பட்டுள்ளது என்று கூறியதை நமக்கு அறிவித்தவர்களில் ஒருவரும் இதே ஜரீர் (ரலி) அவர்கள்தாம்.

300லிருந்து 800 வரை

குர்பானிக்கு ஆடு வாங்கும்போது பல் போட்டிருக்கிறதா என்று வாயைத் திறந்து பார்க்கிறோமே, இளங்குதிரையையும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஏறக்குறைய இரண்டரை வயதில் நடுவிலுள்ள பால் பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைக்கும். அதற்கடுத்தவை மூன்றரையிலும், ஓரப் பற்கள் நாலரையிலும் மாறும். ஐந்து வயதில் முன்பற்கள் நிறைந்துவிடும். பிறகு காலைத் தடவி வீக்கமோ சூடோ உண்டா என்று பார்ப்பார்கள். குளம்பைத் தூக்கி வெடிப்பு உண்டா என்று பார்ப்பார்கள். கெட்டித் தரையில் நடத்தியும் ஓட்டியும் நொண்டுகிறதா என்று கவனிப்பார்கள். ஓடி நின்றபின் மூச்சு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதும் முக்கியம். இந்த ஞானம் உள்ளவர் ஏமாறமாட்டார். ஆனால் இதே ஞானத்தை வைத்து, தெரியாதவரை ஏமாற்றவும் முடியும். சோதனை அங்கேதான் இருக்கிறது.

ஜரீர் (ரலி) அவர்கள் ஒரு குதிரை வாங்கிவரத் தம் பணியாளரை அனுப்பினார்கள். அவர் 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்து, பணத்தைப் பெற்றுக்கொள்ள உரிமையாளரையும் கூடவே அழைத்துவந்தார். விற்பவருக்கு அந்த விலையில் முழுச் சம்மதம். பணத்தை எண்ணிக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் ஜரீர் (ரலி) அவர்களோ குதிரையைப் பார்த்துவிட்டு, உமது குதிரை 300ஐ விட மேலானது, 400க்குத் தருகிறீரா என்று கேட்டார்கள். முடிவை அவர் இவரிடமே விட்டுவிட்டார். உடனே 500 பெறுமே என்றார்கள். இப்படியே நூறு நூறாக ஏற்றி, இறுதியில் 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். இதைப் பற்றி வினவப்பட்டபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் செய்த பைஅத்தையே காரணமாகச் சொன்னார்கள். இந்தச் செய்தி தப்ரானீயில் பதிவாகியுள்ளது.

ஒன்றை நாம் தெளிவாக விளங்க வேண்டும். பேரம் பேசுவதை மார்க்கம் தடுக்கவில்லை. பொருளில் குறை இருந்தால் அதை மறைக்காமல் சொல்வது விற்பவரின் கடமை. வாங்குபவர் நிறையைச் சொல்லி அதிகம் கொடுப்பதோ அந்தக் கடமைக்கும் மேலான பேணுதல். அந்தப் படியைத்தான் ஜரீர் (ரலி) அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

இறுதிவரை மறக்காத வாக்கு

பிற்காலத்தில் இராக்கின் போர்க்களங்களில் பஜீலா கோத்திரத்தை வழிநடத்தினார், கூஃபாவில் குடியேறினார். ஹிஜ்ரி 50ல் அதன் ஆளுநர் முகீரா (ரலி) அவர்கள் மறைந்தபோது, மக்கள் கலங்கிவிடாமல் அமைதி காக்கும்படி உரையாற்றியவரும் அவர்தாம். பல்லாண்டுகள் கடந்த அந்த நாளிலும் தம் பழைய பைஅத்தை நினைவுகூர்ந்து, மக்களுக்கு நலம் நாடியே பேசுவதாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு, ஹிஜ்ரி 51ல் அவர்கள் மறைந்ததாகப் பலர் கூறுவர்.

இன்று நாம் குதிரை வாங்குவதில்லை. ஆனால் கணவரை இழந்த பெண் அவசரத்துக்கு விற்கும் பைக்கை வாங்குகிறோம். விலை நிலவரம் அறியாத முதியவரின் மனையை வாங்குகிறோம். பணமுடையில் விற்கப்படும் நகையை வாங்குகிறோம். மலிவாகக் கிடைத்தது என்று வீட்டில் வந்து மகிழ்ச்சியோடு சொல்கிறோம். விற்றவரின் அறியாமையால்தான் அந்த மலிவு வந்தது என்றால், ஜரீர் (ரலி) அவர்களின் குதிரையை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம். நம் பிள்ளைகளுக்கும் இந்த வரலாற்றைச் சொல்லிக் கொடுப்போம்.

கொடுக்கல் வாங்கலில் பிறர் நலம் நாடும் நன்மக்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.