நாவலராகு முன் நல்லூர் ஆறுமுகம்

கார்த்திகை மாதத்து மக நட்சத்திரம் வந்தால் சைவ ஆலயங்களிலும் பாடசாலைகளிலும் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமானின் குருபூசை நடைபெறும். அன்று பேச வருவோர் பெரும்பாலும் கஞ்சித்தொட்டித் தருமத்தையும், அச்சியந்திரசாலையையும், கண்டனப் பிரசுரங்களையும் எடுத்துப் பேசுவர். படத்திலே நாம் காண்பதும் திருநீறும் உருத்திராக்கமும் துலங்க வீற்றிருக்கும் அந்தப் பெரியவரையே. அவரும் ஒரு காலத்திலே இருபத்தைந்து வயது இளைஞராய், சம்பளத்துக்கு வேலை செய்தவராய், அடுத்து என்ன செய்வது என்று யோசித்தவராய் நல்லூர் வீதியிலே நடந்து திரிந்தார் என்பதை நாம் நினைப்பது குறைவு. எமது பிள்ளைகள் படித்து முடித்துத் தொழில் தேடும் அதே வயதில் அவர் என்ன செய்தார் என்று சொல்லவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

யாழ்ப்பாணத்து நல்லூரிலே, சித்திரபானு வருடம் மார்கழி மாதம் 5ஆம் நாள், அதாவது 18.12.1822 அன்று, கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசிப் புதல்வராக அவர் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் ஆறுமுகம். தந்தையார் தமிழ்ப் புலமை மிக்கவர். நாடகங்கள் பல இயற்றியவர். வீட்டிலே ஏடுகளும் பாட்டுகளும் இருந்தன. ஆனால் ஆறுமுகத்துக்கு ஒன்பது வயதாகும்போது தந்தையார் காலமானார். அவர் எழுதிக்கொண்டிருந்த நாடகம் ஒன்று பாதியிலே நின்றது. அந்த ஏட்டை எடுத்து, எஞ்சிய பகுதியைப் பாடி நிறைவுசெய்தவர் அந்தச் சிறுவரே என்று அவர் சரித்திரம் கூறும். இதைப் பலரும் அவருடைய புலமைக்கு உதாரணமாக எடுத்துக் காட்டுவர். எனக்கோ, தகப்பனை இழந்த பிள்ளை ஒருவன் தகப்பன் விட்ட வேலையைத் தொட்டுப் பார்த்த செயலாகவே அது தோன்றுகின்றது.

அதன் பின்னர் அவரை வளர்த்தெடுத்தவர்கள் தாயாரும் தமையன்மாருமே. நல்லூர்ச் சுப்பிரமணியபிள்ளையிடம் தொடங்கிய படிப்பு, பின்னர் இருபாலைச் சேனாதிராய முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகிய பெரும் புலவர்களிடம் தொடர்ந்தது. தமிழ் மட்டும் போதாது, ஆங்கிலமும் வேண்டும் என்று வீட்டார் கருதினார்கள். அக்காலத்திலே ஆங்கிலம் படிக்க வேண்டுமாயின் மிஷன் பாடசாலைக்கே செல்ல வேண்டும். ஆகவே மெதடிஸ்த மிஷனாரின் ஆங்கிலப் பாடசாலையிலே அவர் சேர்ந்தார். அதுவே இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி என வழங்குவது. அங்கே தலைமை வகித்தவர் பேர்சிவல் பாதிரியார்.

பேர்சிவல் பாதிரியார் தமிழை விரும்பிக் கற்றவர். எமது பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவர். ஆறுமுகத்தின் திறமையை விரைவிலே கண்டுகொண்ட அவர், 1841இல், பத்தொன்பது வயதளவிலே, அவரைத் தமது பாடசாலையிலேயே ஆசிரியராக்கினார். கீழ் வகுப்புக்கு ஆங்கிலமும் மேல் வகுப்புக்குத் தமிழும் படிப்பிக்கும் வேலை. அதனோடு, கிறித்தவ வேதாகமத்தை நல்ல தமிழிலே மொழிபெயர்க்கும் பெரிய பணிக்கும் அவரைத் துணையாக வைத்துக்கொண்டார். பாதிரியாருக்கு அவர் தமிழாசிரியராகவும் விளங்கினார். மாணவன் குருவுக்குக் குருவானது ஒரு புதுமைதான்.

இக்காலத்து இளைஞர் இதனைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள் மதம் மாறுவது அன்று சாதாரண விடயம். உத்தியோகம், சம்பளம், மதிப்பு எல்லாம் அந்த வழியிலேயே வந்தன. ஆறுமுகத்துக்கு அந்தக் கதவு அகலத் திறந்திருந்தது. ஆனால் அவர் திருநீறு தரித்தே அந்தப் பாடசாலைக்குப் போய்வந்தார். பகலிலே பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் சரியான தமிழ் தேடினார். மிகுந்த நேரத்திலே வடமொழியையும் சைவாகமங்களையும் சித்தாந்த சாத்திரங்களையும் கற்றார். இங்ஙனம் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கழிந்தன. மொழிபெயர்ப்பைச் சென்னையிலே பண்டிதர்களிடம் காட்டி ஒப்புதல் பெறப் பாதிரியார் அவரையும் உடன் அழைத்துச் சென்றார். அங்கே மழவை மகாலிங்கையர் அதனைப் பார்வையிட்டு மெச்சினார் என்பர்.

அந்த ஏழு ஆண்டுகளிலே அவர் உள்ளத்திலே நிகழ்ந்த மாற்றமே இச்சரித்திரத்தின் நடு நாயகம். பிறர் சமய நூலை வரிவரியாக ஆராய்ந்தபோது தம்முடைய சமய நூல்களை மக்கள் எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறார்கள் என்பது அவருக்குப் புலப்பட்டது. மிஷனாரிடம் பாடசாலை இருந்தது, வகுப்பு வகுப்பாகப் படிக்கப் பாடப் புத்தகம் இருந்தது, அச்சுக்கூடம் இருந்தது, வாரந்தோறும் மக்களைக் கூட்டி விளங்கச் சொல்லும் பிரசங்கம் இருந்தது. சைவர்களிடம் ஆலயங்கள் இருந்தன, திருவிழாக்கள் இருந்தன, புராண படனமும் இருந்தது. ஆயினும் தான் ஏன் நீறு பூசுகிறேன் என்று கேட்டால் விடை சொல்லத் தெரிந்தவர் சிலரே. பழுது சமயத்தில் இல்லை, அதை எடுத்துச் சொல்லாத எம்மிலேதான் இருக்கிறது என்று அவர் கண்டார்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே அவருடைய முதலாவது சைவப் பிரசங்கம் நடைபெற்றது. அன்று தொடங்கி வெள்ளிக்கிழமைதோறும் மாலையிலே அது தொடர்ந்தது. அவருடைய நண்பரான நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் முறைவைத்துப் பிரசங்கித்தார். கோயிலிலே பாட்டுக்குப் பயன் சொல்வதை மட்டுமே கேட்டுப் பழகிய சனங்களுக்கு, எளிய வசனத்திலே ஒரு பொருளை எடுத்து முதலிலிருந்து முடிவுவரை விளக்கும் இந்த முறை புதிது. எமது கோயில்களிலே இன்று வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் என்று நடப்பது அந்த மாலையிலிருந்து வந்த வழக்கமே.

அப்போது அவர் மிஷன் பாடசாலை ஆசிரியர்தான். பகலிலே மிஷன் சம்பளம், வெள்ளி மாலையிலே சைவப் பிரசங்கம். இந்த நிலை நெடுநாள் நீடிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும், பாதிரியாருக்கும் தெரிந்திருக்கும். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை ஆரம்பமாயிற்று. அதே ஆண்டு அவர் உத்தியோகத்தை விட்டார்.

இந்த இடத்திலே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாவலர் பெருமானைப் பற்றிப் பேசுவோர் சிலர், அவர் பாதிரியாரை எதிர்த்து வெளியேறியதாக வீரமாகச் சொல்லுவர். அப்படியன்று. ஆங்கிலம் கற்பித்தவர், பத்தொன்பது வயதிலே வேலை தந்தவர், பெரிய பணியிலே நம்பிச் சேர்த்துக்கொண்டவர் பேர்சிவல் பாதிரியார். அந்த நன்றி ஆறுமுகத்துக்கு இருந்தது. ஏற்றுக்கொண்ட மொழிபெயர்ப்பு வேலையைத் தம் சமயத்துக்கு மாறானது என்று பாதியிலே எறிந்துவிடாமல் நேர்மையாகச் செய்து கொடுத்துவிட்டே அவர் விடைபெற்றார் என்பர். சம்பளத்தை உயர்த்தித் தருவதாகச் சொல்லிப் பாதிரியார் தடுத்தும் அவர் இணங்கவில்லை என்றும், பாதிரியார் மிக வருந்தினார் என்றும் அவர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். அவர்கள் காட்டும் பிரிவிலே வருத்தம் இருக்கிறது, பகை இல்லை. தமையன் கடையிலே வேலை செய்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போகும் பிள்ளைகளைக் கண்ட எமக்கு இது பெரிதாகவே படுகின்றது.

வீட்டார் நிலையையும் நினைக்க வேண்டும். தந்தை இல்லாத குடும்பத்திலே கடைசிப் பிள்ளை. படிக்க வைத்தது வீடு. நல்ல உத்தியோகமும் கிடைத்தாயிற்று. இனி ஒரு கலியாணம் என்றுதான் எந்த வீட்டிலும் எதிர்பார்ப்பார்கள். அவர் உத்தியோகத்தையும் விட்டார், இல்லறத்தையும் வேண்டாம் என்றார். உத்தியோகத்தை விட்டதும் இல்வாழ்க்கையிலே புகாததும் சைவத்தையும் கல்வியையும் வளர்க்கும் விருப்பத்தாலேயே என்று பின்னாளிலே தாம் அச்சிட்டு வெளியிட்ட ஒரு விக்கியாபனத்திலே அவரே தெரிவித்திருக்கிறார். நல்லூரிலே தமையன்மார் தமக்கைமார் பிள்ளைகளோடு அவருக்கு உறவு அற்றுப்போகவில்லை. மருமகன் பொன்னம்பலபிள்ளையையும் தமையனார் மகன் கைலாசபிள்ளையையும் பற்றிப் பின்னர் சொல்லுவேன்.

புதிய பாடசாலைக்குப் பணம் இல்லை. அரசாங்கத்தின் உதவிப்பணம் மிஷன் பாடசாலைகளுக்குப் போயிற்று; இவருக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. அவரிடம் படித்த இளைஞர்களே சம்பளமின்றிப் படிப்பித்தார்கள். சனங்கள் வீட்டிலே சமைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துப் பாடசாலைக்குக் கொடுத்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. பாடசாலை தொடங்கியதும் பாடப் புத்தகம் இல்லாத குறை தெரிந்தது. புத்தகத்துக்கு அச்சியந்திரம் வேண்டும். அதனை வாங்கிவர 1849இல் தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையோடு தமிழகம் சென்றார். சென்ற வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்திலே அவர் பிரசங்கித்ததைக் கேட்டு மகிழ்ந்த ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டத்தை அளித்தனர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. பட்டத்தோடும் அச்சியந்திரத்தோடும் ஊர் திரும்பி, வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார்.

அங்கே அச்சான பாலபாடங்களை எமது பாட்டன்மார் படித்தார்கள். சைவ வினாவிடையை நாங்கள் திண்ணையிலே இருந்து பாடமாக்கினோம். ஒரு வினாவுக்கு விடை தவறினால் வாத்தியாரிடம் குட்டு வாங்கியவர்கள் இன்னும் ஊரிலே இருக்கிறார்கள். நான்காம் பாலபாடத்திலே கொலை, களவு, பொய் ஆகியவற்றோடு செய்ந்நன்றியறிதலையும் ஒரு பாடமாக வைத்திருக்கிறார். மிஷன் பாடசாலையிலே தாம் கண்ட வகுப்பு முறை, பாடப் புத்தக முறை, பிரசங்க முறை எல்லாவற்றையும் எடுத்துத் தம் ஊருக்கு ஏற்றபடி ஆக்கிக் கொடுத்தவர் அவர். 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். 1854இல் வந்த சைவ தூஷண பரிகாரத்திலே, வேதாகமத்திலே சொல்லப்பட்ட ஆலயக் கிரியைகளையே எடுத்துக்காட்டிச் சைவக் கிரியைகளைப் பழிப்பது பொருந்தாது என்று வாதித்தார். பேர்சிவல் பாதிரியாரின் மேசையிலே கற்ற பாடம் அங்கே பயன்பட்டது.

பிற்கால வரலாறு பலரும் அறிந்ததே. 1864இல் சிதம்பரத்திலே பாடசாலை நிறுவினார். திருக்குறள் பரிமேலழகர் உரை முதலிய பல நூல்களைப் பிழையறப் பதிப்பித்தார். கண்டனங்களிலே அவருடைய சொல் சில வேளை தேவைக்கு மேல் சுட்டது என்பதையும், சாதியாசாரம் பற்றி அவர் கொண்ட கருத்துக்கள் இன்று எமக்கு ஏற்புடையன அல்ல என்பதையும் மறைப்பதற்கில்லை. பிறந்த ஊர்க் கந்தசுவாமி கோயிலிலேயே ஆகம விதிக்கு மாறானவை நடப்பதாகக் கண்டபோது அதனையும் கண்டித்து எழுதினார். சொந்த ஊர் என்று அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1876, 1877 ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்திலே பஞ்சமும் கொள்ளைநோயும் பரவியபோது, ஊராரிடம் அரிசியும் பணமும் சேர்த்துக் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார்.

1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் திகதி, கார்த்திகை மகத்தன்று, அவர் சிவபதமடைந்தார். ஐம்பத்தேழு வயது நிறைய இரண்டு வாரமே இருந்தது. மனைவி மக்கள் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் அச்சியந்திரம் வாங்கக் கூடச் சென்ற சதாசிவப்பிள்ளை, வித்தியாசாலையையும் அச்சுக்கூடத்தையும் தொடர்ந்து நடத்தினார். அவரிடம் கற்ற மருமகன் பொன்னம்பலபிள்ளை, வித்துவசிரோமணி என்று பெயர் பெற்று, புராணங்களுக்கு உரை சொல்லுவதிலே யாழ்ப்பாணத்திலே நிகரற்றவராக விளங்கினார். தமையனாரின் மகன் கைலாசபிள்ளை, சிறிய தகப்பனாரின் வாழ்க்கையை நேரிலே கண்டும் கேட்டும் அறிந்ததைக் கொண்டு ஆறுமுக நாவலர் சரித்திரத்தை எழுதினார். பாதியில் நின்ற நாடகத்தைச் சிறுவர் முடித்த கதையும், பாதிரியார் வருந்திய கதையும் எமக்குத் தெரியவந்தது அந்த மகன் எழுதி வைத்தமையாலேதான்.