வழக்கறிஞர் வ.உ.சி.

வ.உ. சிதம்பரனாரைக் கப்பலோட்டிய தமிழராக நாம் அறிவோம். அவர் ஒரு வழக்கறிஞர். பிறருக்காக நீதிமன்றத்தில் வாதாடிய அவரே ஒருநாள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்.

வ.உ.சி. 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாதரும் வழக்கறிஞரே. திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்ற வ.உ.சி., 1895இல் வழக்கறிஞரானார். ஏழைகளின் வழக்குகளைக் கட்டணமின்றி நடத்தினார். 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். 1908இல் கோரல் நூற்பாலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்றார். அவ்வாண்டு மார்ச் மாதம் கைது செய்யப்பட்டார்.

அவர்மீது அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. மாஜிஸ்திரேட் முதற்கட்ட விசாரணை நடத்தி, வழக்கைத் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிமன்றத்திற்கு அனுப்பினார். ஜூலை 7ஆம் நாள், நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்தார். அவை மொத்தம் 40 ஆண்டுகளாகக் கணக்கிடப்பட்டன. அப்போது வ.உ.சி.க்கு வயது 35.

தீர்ப்பை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. குற்றத்தீர்ப்பு நீங்கவில்லை, ஆனால், தண்டனை முடிவில் 6 ஆண்டுகளாகக் குறைந்தது.

கீழ் நீதிமன்றம் தவறினாலோ அளவுமீறித் தண்டித்தாலோ, மேல் நீதிமன்றம் அதைச் சீர்தூக்கிப் பார்ப்பதே மேல்முறையீடு ஆகும். நம் நாட்டிலும் இம்முறை உண்டு. முதல்வகுப்பு மாஜிஸ்திரேட் பொதுவாக 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். மரண தண்டனைக்குரிய குற்றங்கள் தவிர மற்றவற்றைச் செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கலாம். கிள்ளான் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற ஒருவர், 14 நாள்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைக் கொடுத்து உயர் நீதிமன்றத்தை நாடலாம். அதற்கு மேல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூட்டரசு நீதிமன்றமும் உள்ளன. எனினும், எல்லா வழக்குகளும் கடைசிப் படிவரை செல்வதில்லை. 1985ஆம் ஆண்டு முதல் நம் வழக்குகள் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் செல்வதில்லை.

வ.உ.சி. கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் வாடினார், செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் விடுதலையானார். இடைப்பட்ட காலத்தில் அவருடைய கப்பல் நிறுவனம் கலைக்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. வறுமை அவரை வாட்டியது. பின்னர், வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்நன்றியை மறவாத வ.உ.சி., தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார்.

அவர் 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் மறைந்தார். முதல் தீர்ப்பே நிலைத்திருந்தால், 40 ஆண்டுகள் 1948இல்தான் முடிந்திருக்கும். மேல்முறையீடு அவருடைய இழப்புகள் அனைத்தையும் ஈடுசெய்யவில்லை. ஆயினும், குடும்பத்தோடு வாழவும், நூல்கள் எழுதவும், மீண்டும் நீதிமன்றம் ஏறி வாதாடவும் அவருக்குக் காலம் தந்தது.