மதப்பூசலின் வேரைக் கண்ட மகான்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே உள்ள சிற்றூர் உதியன்குளங்கரை. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்பகுதி அது. அங்கிருந்து சில மைல் தொலைவில், நெய்யாற்றின் கரையில் அமைந்துள்ளது அருவிப்புறம் என்னும் புனிதத் தலம்.

1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று, துறவி ஒருவர் ஆற்றிலிருந்து எடுத்த கல்லை அங்கே சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். அவரே ஸ்ரீநாராயண குரு. பெருங்கோயில்களில் நுழைய அனுமதிக்கப்படாத ஈழவ சமூகத்தில், திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் பிறந்தவர் அவர். சம்ஸ்கிருதமும் தமிழும் கற்றவர். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் மொழிபெயர்த்தவர். கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள மருத்துவாமலையில் கடுந்தவம் இயற்றியவர். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி மக்கள் உடன்பிறந்தோராக வாழும் இடமாக அருவிப்புறம் விளங்க வேண்டும் என்பதே அவரது சங்கல்பம்.

காலம் அந்தச் சங்கல்பத்தைச் சோதித்தது. 1921-இல் மலபாரில் மூண்ட கலவரத்தில் இரத்தம் சிந்தப்பட்டது. மறுபுறம், கோயிலில் இடம் மறுக்கப்பட்ட மக்களுள் சிலர் மதம் மாறுவதே வழி என்று எண்ணத் தலைப்பட்டனர். குருதேவரோ அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பிற மதங்களைப் பழிக்கவும் இல்லை.

பூசலின் வேர் எங்கே உள்ளது? தமது ஆத்மோபதேச சதகத்தில் அவர் இதனை ஆராய்ந்திருக்கிறார். மனிதர் அனைவரும் நாடுவது ஆத்ம சுகம் ஒன்றையே. அதற்கான வழிகளே மதங்கள். இதனை உணராதபோது, யானையைத் தடவிப் பார்த்த குருடரைப்போல் ஒவ்வொருவரும் தாம் அறிந்த பகுதியையே முழுமை என்று வாதிடுகின்றனர். போரிட்டு எந்த மதத்தையும் அழிக்க முடியாது, அழிவது மனிதரே. ஆகவே, பகையின் வேர் மதத்தில் இல்லை. அறியாமையிலும் வெல்லத் துடிக்கும் அகங்காரத்திலும் உள்ளது.

நோயின் காரணம் தெளிந்ததும் மருந்தையும் வழங்கினார் குருதேவர். 1924 மார்ச்சில், சிவராத்திரியை ஒட்டி, ஆலுவா அத்வைத ஆசிரமத்தில் சர்வமத மகாநாட்டைக் கூட்டினார். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய சதாசிவ ஐயர் தலைமை ஏற்றார். இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம், பௌத்தம் ஆகிய சமயங்களின் அறிஞர்களும், ஆரிய சமாஜம், பிரம்ம சமாஜம் ஆகியவற்றின் பிரதிநிதிகளும் உரையாற்றினர். வாதிட்டு வெல்வதற்காக அன்றி, அறிவதற்கும் அறிவிப்பதற்குமே அந்த அவை கூடியது. எல்லா மதங்களையும் கற்பிக்கும் பாடசாலை ஒன்று சிவகிரியில் அமைய வேண்டும் என்றும் அவர் விரும்பினார்.

1928-ஆம் ஆண்டு செப்டம்பர் 20 அன்று சிவகிரியில் அவர் மகாசமாதி அடைந்தார். மதங்களின் சாரத்தைச் சாதனையால் அனுபவித்து உணர்த்தியவர் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர். அதே உண்மையைச் சமுதாயத்தின் காயங்களுக்கு மருந்தாக்கியவர் ஸ்ரீநாராயண குரு.

பகைமை பரவும் வேளைகளில் நமது கடமை யாது? அயலாரின் சமயத்தைப் பற்றி வதந்திகளால் அறியாமல், அவர்களது நூல்களாலும் வாழ்வாலும் அறிய முயல்வதே ஆகும். கன்னியாகுமரிக்கு வரும் அன்பர்கள் உதியன்குளங்கரை வழியே சென்று அருவிப்புறத்தையும் தரிசிக்கலாம். அங்கே வணங்கித் திரும்பும்போது, வெல்லும் ஆசையை விட்டு அறியும் ஆர்வத்தை ஏற்போமாக.